மனப்பாடம் செய்துவிட்டுப் போன சோதனை

போன வருடம் ஆடி மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. எங்களுக்கு ராஜபாளையம். மகளுக்கு எட்டு வயது. பேச்சு தாமதமாகத்தான் வந்தது. நாம் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்வாள். "டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் கொண்டாங்க, இல்லைன்னா டி.சி. வாங்கிக்கோங்க" என்று பள்ளியில் முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். அப்போது லீவில் வந்திருந்தார். நாங்கள் போகவிருந்த அதே இடத்தில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்கும் அறிவுத்திறன் சோதனை நடந்திருந்தது. இவர் அவன் அம்மாவிடம் போய், என்னென்ன கேட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் விசாரித்து வந்தார். அன்றிலிருந்து காலையும் மாலையும் மகளுக்குப் பயிற்சிதான்.

"படிச்சிட்டெல்லாம் வரக்கூடாதுன்னு டெஸ்ட் எடுக்கிறவுக போன்ல சொன்னாகளே" என்றேன்.

"ஏட்டி, பரீட்சைன்னா படிக்காம போவாகளா? பாஸாகட்டும், ரிப்போர்ட்டை அந்த டீச்சர் மூஞ்சில வீசுறேன்."

பிள்ளை சலித்துப்போய் எழுந்து ஓடினாள். இழுத்து உட்காரவைத்து, "எல்லாம் சொல்லிட்டா அப்பா ஊருக்குப் போக மாட்டேன், சரியா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவு முடிந்தால் போகாமல் இருக்க முடியுமா இவரால்?

மடவார் வளாகம் பக்கம் ஒரு மாடியில் சோதனை. உளவியலாளர் சின்ன வயதுப் பெண். அவர் முதல் கேள்வியை முடிப்பதற்குள் என் மகள் விறைப்பாக எழுந்து நின்றாள். பால் வெள்ளை, நாய் குரைக்கும், வாரத்துக்கு ஏழு நாள் என்று கேட்காத கேள்விகளுக்கும் சேர்த்து மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "பாத்தியா?" என்று இவர் என் தோளை இடித்தார்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், இதுல பாஸ், ஃபெயில் எதுவும் கிடையாது. பாப்பா எங்க தடுமாறுறான்னு தெரிஞ்சாத்தான் ஸ்கூல்ல என்ன உதவி செய்யணும்னு நான் எழுத முடியும். இப்ப எனக்கு ஒண்ணுமே தெரியலையே. மனப்பாடம் பண்ணுனது மறக்கணும், ஆறு மாசம் போகட்டும், பொறவு பாப்போம்."

"ஸ்கூல்ல வெளிய அனுப்பிருவாக, மேடம்" என்றார் இவர்.

மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எல்லாம் சொல்லிட்டா அப்பா ஊருக்குப் போக மாட்டேன், சரியா?" என்றாள். இவர் சொன்ன அதே ராகம்.

இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

உளவியலாளர் நிலைமையை விளக்கிக் கடிதம் தந்தார். பள்ளி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பியது. அந்த வாரமே இவரும் ரயிலேறினார். என் மகள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பதிலையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். முடித்ததும் தெருவைப் பார்ப்பாள். மறுபடி சொல்வாள். தூக்கிக்கொண்டு உள்ளே வந்தால் என் கையைக் கடிப்பாள்.

பிறகு முறையாகச் சோதனை நடந்தது, வேறு பள்ளியிலும் சேர்த்துவிட்டோம். ஆனாலும், பதில் சொன்னால்தான் அப்பா உண்டு என்று ஒரு பிள்ளையை நம்பவைத்துவிட்டு, குறை அவளிடம் இருப்பதுபோல் சோதனைக்குக் கூட்டிப்போனோமே என்பது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.