குதிகால் எழும்பும் இடம்

கொதிக்கும் கெட்டிலின் மேல் முகத்தைக் கவிழ்த்து, தலையைத் துண்டால் மூடிக்கொண்டு, "மீ… மீ… மா…" என்று முனகுகிறார் ஹரால்ட் என்ட்விசில். கோட்டை மாட்டிக்கொண்டு மனைவி ஆக்னஸ் வாசலில் காத்து நிற்கிறாள்.

"போதும் வா, மனுஷா. அது தொண்டையா, புட்டிங்கா? இன்னும் எவ்வளவு நேரம் வேகணும்?"

நெசவாலையில் தறி ஓட்டியவர் ஹரால்ட். தறிகளின் இரைச்சலுக்கு மேலே பாடிப் பழகிய குரல், இப்போது கொட்டகையின் கடைசி வரிசையில் கடலை கொறிப்பவனையும் நிறுத்த வைக்கிறது. மைக் பிடித்துப் பாடும் இளவட்டங்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "மோந்து பாத்துக்கிட்டே பாடுறானுங்க. அது என்ன, ரோஜாப்பூவா?" என்பார்.

மேடைக்குப் பின்னால் சீட்டியடித்தால் கேடு வரும் என்று மற்ற கலைஞர்கள் நடுங்குவார்கள். மடத்தனம் என்று சிரித்துவிட்டு, வேண்டுமென்றே சீட்டியடிப்பார். ஆனால் சிவப்புக் கம்பளிக் கழுத்துத்துணி இல்லாமல் தெருவில் இறங்க மாட்டார். கேட்டால், "இது மூடநம்பிக்கை இல்ல, வைத்தியம்."

"ஜூலை மாசத்துலயுமா?" என்பாள் ஆக்னஸ்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டு, 'கலங்கரை விளக்கே, உறங்காதே'. அதன் உச்ச சுரத்தை எட்டும்போது அவருடைய குதிகால்கள் தாமாகவே எழும்பும். கால்சட்டை மேலேறி, ஆக்னஸ் பின்னிய காலுறை தெரியும். "ஏறுது, ஏறுது!" என்று மாடியிலிருந்து கத்துவதற்கென்றே ஒரு கூட்டம் வரும்.

வாரம் ஓர் ஊர். இந்த வாரம் ஓல்டாம். திங்கள் காலை வாத்தியக் குழுவோடு ஒத்திகை. வருகிறவர்கள் தங்கள் இசைத்தாள்களை வந்த வரிசைப்படி மேடை விளிம்பில் வைக்க வேண்டும். இருவரிடம் ஒரே பாட்டு இருந்தால், முதலில் வைத்தவருக்கே அந்த வாரம் அது சொந்தம். சுவரொட்டியில் யார் பெயர் பெரிது என்பது கணக்கில்லை. இளவயதில் முதல் ஆளாக வந்து தாளை வைத்த ஹரால்டிடம், "அவர் யாரு, நீ யாரு?" என்று கேட்டு ஒரு மேலாளர் பாட்டைப் பிடுங்கி, பெரிய பாடகர் ஒருவரிடம் கொடுத்தார். அன்றிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவளுக்கும் முன்னால் போய் நிற்பது அவர் வழக்கம்.

இந்தத் திங்கள் மட்டும் தாமதம். அவருடைய இசைத்தட்டுகளின் விற்பனை சரிந்துகொண்டிருந்தது. ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க இசைத்தட்டு நிறுவனத்து ஆள் ராத்திரி காட்சிக்கு வரப்போகிறார். அதனால்தான் தொண்டைக்குக் கூடுதல் ஆவி.

கொட்டகைக்குள் நுழைந்தால், மேடை விளிம்பில் முதல் கட்டு டோரீன் பிக்கப் என்ற பாடகியுடையது. சுவரொட்டியில் அச்சகத்தின் பெயர் அளவுக்குப் பொடி எழுத்தில் இருப்பவள். கட்டின் மேல் தாளிலேயே 'கலங்கரை விளக்கே' பாட்டு.

மேலாளர் ஸ்டான்ஸ்ஃபீல்ட் பாய்ந்து வந்தார். "ஏம்மா, அதை எடு. அவர் யாரு, நீ யாரு?"

"நான்தான் சார் முதல்ல வந்தேன். புதுசா வேற பாட்டு தயார் பண்ண எனக்கு நேரமில்ல," என்றாள் டோரீன். தாளின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

ஹரால்ட் கழுத்துத்துணியை இறுக்கிக்கொண்டார். சும்மா நின்றால் போதும், பாட்டு அவருடையதாகிவிடும். பெரிய மனிதர்களுக்காகச் சட்டம் எப்போதும் இப்படித்தான் வளைகிறது. அவர்கள் வளைக்கக்கூட வேண்டாம், வாய் திறக்காமல் இருந்தால் போதும்.

"பேசு, மனுஷா," என்றாள் ஆக்னஸ். "அதான் ஆவி பிடிச்சாச்சே."

"ஸ்டான்ஸ்ஃபீல்ட்!" மேடைக் கூரை அதிர்ந்தது. "சட்டம் எனக்கு ஒண்ணு, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணா? அவதான் முதல்ல வச்சா. அவதான் பாடுவா."

"ராத்திரி அந்த ஆள் உங்க விளக்கைக் கேக்கத்தானே வர்றாரு?"

"வரட்டும். அவ பாடும்போது கேட்டுக்கட்டும்."

ஹரால்ட் தன் இசைத்தாள் கட்டிலிருந்து அந்தப் பாட்டின் தாளை உருவிக் கோட்டுப்பைக்குள் திணித்துவிட்டு, மீதியை வரிசையின் கடைசியில் வைத்தார். முன்வரிசையில் போய் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டோரீன் பாடத் தொடங்கினாள்.

"மூச்சை வீணாக்குறா," என்று முணுமுணுத்தார். "அவசரப்படுறா."

உச்ச சுரம் நெருங்கியது. ஆக்னஸ் மேடையைப் பார்க்கவில்லை. குனிந்து கீழே பார்த்தாள். உட்கார்ந்த இடத்திலேயே ஹரால்டின் குதிகால்கள் இரண்டும் தரையை விட்டு மெல்ல எழும்பின.