நானே பூட்டிய பின் அச்சு

“விசர் வேலை பாக்காதைங்கோ, கராஜில குடுங்கோ” என்று மனைவி எவ்வளவோ சொன்னாள். நான் கேட்கவில்லை. காரின் பின் அச்சை நானே கழற்றி, தேய்ந்த பாகங்களை மாற்றிப் பூட்டினேன்.

சனிக்கிழமை பாடன் நகருக்குப் புறப்பட்டபோது, அவள் பின் சில்லின் கீழ் தேசிக்காய் வைத்தாள். அது நசிந்ததோடு அவளுடைய பயம் போய்விட்டது. என்னுடையது அப்போதுதான் தொடங்கியது.

நெடுஞ்சாலையில் ஏறியதும் ஒவ்வொரு சத்தமும் பின்னாலிருந்தே வருவதுபோல் இருந்தது. கடைசி நட்டை இறுக்கினேனா? இறுக்கினேன். சரியாக இறுக்கினேனா? பாட்டை நிறுத்தினேன். யன்னலைத் திறந்தேன், மூடினேன். கண்ணாடியில் பார்த்தால், பின் இருக்கையில் மகளை அணைத்தபடி அவள் நல்ல நித்திரை.

அதற்கு மேல் என்னால் ஓட்ட முடியவில்லை. நெடுஞ்சாலையின் அடுத்த வெளிவழியால் இறங்கி, முதலில் கண்ட கராஜில் நிறுத்தினேன். அவள் விழித்தாள்.

“என்னப்பா, வந்திட்டமோ?”

“இல்லை. பின் அச்சை ஒருக்காக் காட்டப் போறன்.”

“நீங்கள்தானே பூட்டினனீங்கள்?”

“ஓம். அதுதான்.”

மெக்கானிக் காரை உயர்த்திப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை என்றான். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. நான் தனியாக ஓட்டும் காருக்கு என் கை போதும். அவர்கள் நித்திரை கொள்ளும் காருக்கு இன்னொருவருடைய கண்ணும் வேண்டும்.