‘இல்லை’ என்ற கட்டம்

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மேய்ச்சல் காட்டில், நம் தாலுகா மாதிரி ஒரு கவுண்டி. அதற்கு மாடுகள் எக்கச்சக்கம், வக்கீல்தான் ஒருத்தர்கூட இல்லை. கடைசி வக்கீல் செத்து ஒன்பது வருஷம். அதனால்தான் மார்லா ஹ்ரூபி பள்ளிக்கூடம் முடிக்கும் முன்னாலேயே கிராமத்துக்கு வக்கீல் சேர்க்கும் ஒரு திட்டத்தில், சட்டக் கல்லூரியில் அவளுக்கு ஓர் இடம் எடுத்துவைக்க முன்வந்தார்கள். மூன்று வருஷம் பட்டப்படிப்பு, மதிப்பெண் குறையாவிட்டால் நேரே சட்டம், முடித்ததும் ஊருக்கே வக்கீல். ஊர் தலைகால் தெரியாமல் ஆடியது.

படிவத்தில் ஒரு கேள்வி: போலீஸ் உன்மேல் வழக்குப் போட்டதுண்டா? தள்ளுபடியானதையும் சொல்.

முந்தின வருஷம் பக்கத்துப் பண்ணையில் கன்றுகளுக்குச் சூடு போட்ட அன்று, வேலை முடிந்ததும் எல்லோருக்கும் பீர். பதினாறு வயது மார்லா கையிலும் ஒரு டப்பா. இருபத்தொன்று ஆகாமல் குடித்தால் அங்கே குற்றம். திரும்பும் வழியில் மாநிலப் போலீஸ் பிடித்து வழக்குப் போட்டுவிட்டது.

“அப்பா, இத எழுதணுமே?”

“அடி போடி! அதான் ஜட்ஜு தள்ளிட்டாரே. வேணும்னா டுவெயினக் கேளு” என்றார் அப்பா எமில்.

கவுண்டிப் போலீஸுக்கே தலைவரான ஷெரிஃப் டுவெயின் எதிரிலேயே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். “அந்தக் காகிதமே இப்ப இல்ல புள்ள. இல்லாததப் போய் எழுதுவாங்களா?”

அந்த ஊரில் டுவெயின் சொன்னால் சொன்னதுதான். ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

மூன்று வருஷம் உயிரைக் கொடுத்துப் படித்தாள். சட்டக் கல்லூரியில் சேரும்போது மறுபடி ஒரு படிவம், அதே கேள்வி. இந்தத் தடவை மனசு கேட்கவில்லை, உள்ளதை எழுதினாள். இரண்டு படிவத்தையும் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பீர் குடித்ததற்காக இல்லையாம், மறைத்ததற்காக இடம் ரத்தாம். உண்மையைச் சொன்னவளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். என்ன நியாயமோ, போங்கள்!

“ஐயோ, நான் ஏதோ வாய்க்கு வந்தத சொன்னேன்” என்றார் டுவெயின். எமில் அன்று சாப்பிடவில்லை.

இப்போது மார்லாவுக்கு நாற்பத்தொன்று. கவுண்டி கோர்ட்டில் கவுன்ட்டர் வேலை. தலைக்குமேல் பலகை: ஊழியர்கள் சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது. வருஷா வருஷம் அதே திட்டத்தின் அறிவிப்பை அவளேதான் சுவரில் ஒட்டுகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பள்ளிக்கூடப் பெண் அப்பாவோடு வந்தாள். கையில் அந்தப் படிவம்.

“மார்லாக்கா, தள்ளுபடியானதையும் எழுதணுமா?”

மார்லா பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எழுது. ஒண்ணுவிடாம எழுது. என் கதி தெரியும்ல?”

அந்தப் பெண்ணின் அப்பா சிரித்தார். “அது உன் தலையெழுத்து மார்லா. நீ என்ன வக்கீலா? ஷெரிஃபே எழுத வேண்டாம்னுட்டார்.”

அந்தப் பெண் கவுன்ட்டர்மேல் கிடந்த மார்லாவின் பேனாவை எடுத்து, ‘இல்லை’ கட்டத்தில் டிக் அடித்தாள்.

“தேங்க்ஸ்க்கா” என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.