நாளை வருவோரின் கூட்டுத்தொகை

பேய், சாத்திரம், கனவு பலிப்பது எல்லாமே எனக்குச் சிரிப்புத்தான். இப்போதும் நான் சாத்திரம் கேட்கப் போவதில்லை. நீங்கள் நம்பினாலும் சரி, விட்டாலும் சரி, இது நான் கண்ணால் கண்டது.

யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், இடம்பெயர்ந்து வரும் சனங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் நிலையமொன்றில் எனக்குக் கணினி வேலை. எக்செல்லில் ஒரு நிரலில் குடும்பம் வந்த திகதி, அடுத்ததில் ஆட்களின் தொகை. மேலே ஒரு கட்டத்தில் திகதியைத் தட்டினால் அன்றைக்கு வந்தவர்களை மட்டும் ஃபோர்முலா கூட்டித் தரும், அதைப் பார்த்துத்தான் உலையில் அரிசி போடுவோம்.

ஒரு பின்னேரம் கை தவறி அடுத்த நாள் திகதியைத் தட்டிவிட்டேன். பூச்சியம் வந்திருக்க வேண்டும், வந்தது இருநூற்றுப் பதினேழு. ஃபோர்முலாவை அழித்துத் திரும்ப எழுதினேன், கணினியை நிற்பாட்டிப் போட்டேன், அந்தத் திகதியில் ஒரு பதிவும் இல்லை, தொகை மட்டும் மாறவில்லை. சமையலுக்குப் பொறுப்பான ரஹீமா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“மெசின் பிழையக்கா.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “பிழையெண்டா சோத்தை அயலுக்குக் குடுப்பம். சரியெண்டா என்ன செய்யிற? உலையை வைப்பம் புள்ள.”

விடிய உலை வைத்தோம். சோறு இறக்கவுமில்லை, குடாவுக்கு அக்கரையில் கட்டைபறிச்சான் பக்கம் செல் குண்டு விழத் தொடங்கிவிட்டது. மத்தியானம் வள்ளம் வள்ளமாகச் சனம் வந்து இறங்கியது. எல்லோருக்கும் சோறு இருந்தது. எண்ணிப் பார்த்தோம், இருநூற்றுப் பதினாறு பேர், ஓராள் குறைவு. உண்மையைச் சொன்னால், அந்தக் குறைவில் எனக்கு ஒரு நிம்மதி, மெசின் பிழைதான் என்று.

ஒரு நிறைமாதக்காரி சுவரோடு சாய்ந்திருந்தாள். சோற்றைத் தொடவில்லை.

“காலமையில இருந்து துடிப்பில்லை அக்கா. பிள்ளை போயிட்டுது.”

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. “இல்லைத் தங்கச்சி, உங்கட பிள்ளை இருக்கு. கணக்கில இருக்கு,” என்று சொல்லிவிட்டேன். ரஹீமா அக்கா ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்து அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். பொழுதுபடுமுன் பெண்பிள்ளை பிறந்தது, நல்ல சத்தத்தோடு அழுததாம்.

மறுநாள் இருந்து, முதல்நாள் வந்தவர்களை அந்தத் திகதியில் குடும்பம் குடும்பமாகப் பதிந்தேன். பதியப் பதியத் தொகை கூடியிருக்க வேண்டும் அல்லவா? கூடவேயில்லை. முதல் பெயரிலும் அதே எண், கடைசிப் பெயரிலும் அதே இருநூற்றுப் பதினேழு. அந்தப் பிள்ளையை நான் அப்போதும் பதிந்திருக்கவில்லை.