ஸ்கார்ஃப் போட்டுக்கொண்டு போகச் சொன்னது

எங்கள் சபையின் சாரணர் படையைத் தொடர்வதா, மூடுவதா என்று முடிவு செய்ய இந்த வருஷம் கமிட்டி கூடியது. படை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்குப் பின்னால் கொடியேற்றி, முடிச்சுப் போடவும் முதலுதவி செய்யவும் பழகி, சுண்டல் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைகள்தான். ஒரு காலத்தில் முப்பதுக்கு மேல் இருந்தார்கள். இப்போது ஆறு பேர். அந்த ஆறிலும் இரண்டு வெறும் சுண்டலுக்காக வருவது என்பாள் என் மனைவி.

அந்தப் படைக்குத் தலைவன் நான். பிழைப்புக்கு டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு வேலைக்கும் விசில் வேண்டும், தொண்டை வேண்டும், கொஞ்சம் கோபமும் வேண்டும். மூன்றும் என்னிடம் தேவைக்கு மேலேயே உண்டு. தைரியம்தான் கிடையாது. இந்த வயதில் இதை ஒப்புக்கொள்வது கேவலமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதிதாக வந்திருக்கும் போதகர் சின்ன வயதுக்காரர், நியாயமானவர். "ஐயா, உங்களுக்கு முட்டி வலி. பழைய படையில இருந்தவங்க யாராவது, எந்த வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் சரி, எடுத்து நடத்தறாங்கன்னா தொடரலாம். இல்லன்னா அந்த ரூமை வாலிபர் இசைக்குழுவுக்குக் குடுத்துடலாம். ஒரு மாசம் பாருங்க" என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் செல்போனைத் திட்டினேன், டியூஷனைத் திட்டினேன், ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை தூங்கும் பிள்ளைகளைத் திட்டினேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏங்க, ஆளா இல்ல? அந்தப் பொண்ணு இருக்குதே. போய்க் கேளுங்களேன்."

குழம்பு என்ன என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தப் பெண் எங்கள் ஆலயத்துக்குப் பக்கத்துத் தெருவில், பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்தவள். சபைப் பிள்ளை இல்லை. படையில் பாதிக்கு மேல் அந்தத் தெருப் பிள்ளைகள்தான். அறுந்த இழையை எடுத்துப் பிணைத்துப் பழகிய கைகள்; நான் கயிற்றில் ஒரு முடிச்சைச் சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் மூன்று போட்டுவிட்டு, "அடுத்து இன்னா சார்?" என்று நிற்கும்.

அவளைச் சேர்க்க வந்த நாளில் அவள் அப்பாவிடம் என் இடது கையை நீட்டினேன். சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவோம். எங்கள் ஊரிலோ இடது கையால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலே முகம் சுளிப்பார்கள். மனிதர் திகைத்துப்போய் என் கையையே பார்த்தார். அவள்தான், "அப்பா, நம்பறவங்களுக்குத்தான் இந்தக் கையைக் குடுப்பாங்களாம்பா" என்றாள். அவர் சிரித்துவிட்டுத் தன் இடது கையைக் கொடுத்தார். "நீங்க பாத்துக்கினா போதும் சார்" என்றார். அன்றிலிருந்து என்னை எங்கே பார்த்தாலும் அவர் இடது கையைத்தான் நீட்டுவார்.

பதினேழு வயதில் அவள் அணித்தலைவி. அந்த வைகாசியில் பெருமாள் கோயில் கருட சேவைக் கூட்டத்தில் தண்ணீர் கொடுக்கவும், காணாமல்போன குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்டாள். தாராளமாகப் போங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.

"சார், ஸ்கார்ஃப் போட்டுக்கினு போலாமா, கழட்டிட்டுப் போலாமா?"

கழுத்தில் கட்டும் எங்கள் ஸ்கார்ஃபின் முதுகுப் பக்கம் சபையின் சிலுவை அச்சிட்டிருக்கும். அவளுக்கு இருந்த யோசனை எனக்கு இல்லை. "ஸ்கார்ஃப் இல்லாத சாரணர் உண்டாம்மா? போட்டுக்கினு போ, நானும் வரேன்" என்று பெருமையாகச் சொன்னேன். சேவையன்று விடிகாலையில் நான் போகவில்லை. சளி என்று சொல்லி அனுப்பினேன். உண்மையில் சபைக்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம்.

கோபுர வாசலில் எங்கள் பிள்ளைகள் சொம்பும் கையுமாக நிற்கும் படம் மறுநாளே எல்லார் வாட்ஸ்அப்பிலும் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கமிட்டி கூப்பிட்டது. அப்போதைய செயலாளர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "நம்ம சிலுவையப் போட்டுக்கினு அங்க போகச் சொல்லி யார் பர்மிஷன் குடுத்தது?" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பொண்ணே தானா கூட்டிக்கினு போயிருக்குது" என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினால், வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவள் வாசலில் நிற்கிறாள். நான்தான் அதைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பதிவேட்டை மேஜையில் வைத்தாள், கழுத்திலிருந்த ஸ்கார்ஃபைக் கழற்றி மடித்து அதன் மேல் வைத்தாள், போய்விட்டாள்.

இதைவிடக் கேவலமாக இன்னொன்றும் செய்தேன். இரண்டு நாள் கழித்து அவள் அப்பா வீட்டுக்கு வந்து, "நீங்க போகச் சொன்னதாப் பொண்ணு சொல்லுது, கமிட்டியில வேற மாதிரி சொல்றாங்களே சார்" என்று கேட்டார். என் மனைவி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கமிட்டியில் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். அவர் நம்பினார். மகளை நம்பவில்லை, என்னை நம்பினார்.

அதற்குப் பிறகு சபைப் பிள்ளைகள் மட்டும்தான் படையில் சேரலாம் என்று விதி வந்தது. நெசவாளர் தெருப் பிள்ளைகள் அதற்கு முன்பே நின்றுவிட்டார்கள். தலைவி இல்லாத படை எதற்கு என்று சபைப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக நழுவினார்கள். படை தேய்ந்ததற்குச் செல்போன் காரணம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது இதை மறைக்கத்தான்.

இந்த முறை ஒரு வழியாகக் கிளம்பிப் போனேன். இப்போது அவர்கள் வீடு செவிலிமேட்டில். அவள் நர்ஸ் வேலை பார்க்கிறாள். கதவைத் திறந்தது அவள் அப்பா. "வாங்க சார், வாங்க" என்று இடது கையை நீட்டினார். பிடித்தேன். பின்னால் வந்த அவளுக்கும் நீட்டினேன். அவள் இரண்டு கைகளையும் கூப்பி, "வணக்கம் சார்" என்றாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

அப்பா உள்ளே காபி போடப் போனதும் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"செய்யறேன் சார். எனக்கும் ஆசைதான். ஞாயித்துக்கிழம டூட்டிய மாத்திக்கலாம். ஆனா ஸ்கார்ஃப் போட்டுக்கினு போகச் சொன்னது நீங்கதான்னு கமிட்டியில ஒரு வாட்டி சொல்லிடுங்க."

"அப்ப இருந்தவங்கள்ல பாதிப் பேர் இப்ப இல்லையேம்மா. யாருக்கு ஞாபகம் இருக்குது?"

"எங்கப்பாவுக்கு இருக்குது சார்" என்றாள். "கமிட்டியில சொன்னா அவர் காதுக்கு வந்துடும். இன்னும் அவர் என்னை நம்பல."

காபி வந்தது. குடித்தேன். சொல்லிவிடுகிறேன் என்று அவளிடம் தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், நாலும் நன்றாகத்தான் இருந்தன.

கமிட்டியில் போதகர், "ஆள் கிடைச்சாங்களா ஐயா?" என்று கேட்டார். எட்டுப் பேர் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் ஐயா ஐயா என்று மரியாதை கொடுத்த முகங்கள்.

"கேட்டேங்க. அந்தப் பொண்ணுக்கு வேலை ஜாஸ்தியாம்" என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டார்கள். படை முடிந்தது. அறையில் இப்போது டிரம்ஸும் கீபோர்டும் இருக்கின்றன. கொடிக்கம்பத்தைப் பிடுங்கவில்லை, அதில் மைக் ஒயர் கட்டியிருக்கிறார்கள். மற்ற ஊர்களில் சபைகள் நடத்தும் படைகள் இனி என்ன ஆகும் என்று போதகர் ஒருநாள் என் அபிப்பிராயம் கேட்டார். காலம் மாறிப்போச்சு என்று ஏதோ சொல்லிவைத்தேன்.

போன வாரம் பஸ் நிலையத்தில் அவள் அப்பாவைப் பார்த்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"படைய மூடிட்டாங்கன்னு சொன்னாங்க சார். நீங்களே வீடு தேடி வந்து கூப்பிட்டும் எம்பொண்ணு வேலை இருக்குதுன்னு சொல்லிட்டாளாமே. அப்பவும் உங்களுக்குத் தலைகுனிவு உண்டாக்குனா, இப்பவும் இப்படிப் பண்ணிட்டா. மனசுல வச்சுக்காதீங்க சார்."

சொல்லிவிட்டு இடது கையை நீட்டினார். நானும் என் இடது கையைக் கொடுத்தேன்.