வைட்ஃபேஸ் மலைச் சுரங்கத்தில் அன்ரன் நின்ற இடம்

நியூயோர்க் என்றதும் மொன்றியலில் எல்லோரும் மன்ஹாட்டனுக்கே கிளம்புகிறார்கள். ஆறேழு மணி நேரம் ஓட்டிப்போய், காரை விட இடம் தேடி அலைந்து, களைத்துத் திரும்புகிறார்கள். அந்த மாநிலத்தின் வடக்குப் பகுதியோ நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அங்கே கட்டாயம் பார்க்க வேண்டியவை எவை என்று பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நானும் என் கணவர் அன்ரனும் போய்வந்தோம். இத்தனை நாள் எழுதாமல் இருந்தது சோம்பலால் அல்ல. அந்த மலையில் நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இப்போது அன்ரனே எழுதச் சொல்லிவிட்டார்.

மொன்றியல் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். எல்லை வரை ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே இருபது நிமிடம் வரிசை. எங்கே போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டதும், அன்ரன் மடியில் வைத்திருந்த பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்டார். அதிகாரி சிரித்துக்கொண்டே கையசைத்து அனுப்பினார். அன்ரன் அப்படிப்பட்டவர். நகரத்தில் பேருந்து ஓட்டுகிறார். லீவு நாளிலும் அவருக்கு எங்காவது ஓட வேண்டும். போகும் இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகையைக்கூட வாசிக்காமல் தாண்ட மாட்டார்.

முதலில் ஓசேபிள் பள்ளம். எல்லையிலிருந்து முக்கால் மணி நேரம். ஆறு பாறையைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகச் செங்குத்துச் சுவர். கீழே நடைபாதையில் இறங்கி நடக்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நல்ல சப்பாத்து அவசியம். நான் செருப்போடு போய் இரண்டு தடவை வழுக்கினேன். பதினொன்றேகாலுக்கு அங்கிருந்து கிளம்பி, வழியில் மரக்கறி றோல்ஸ் சாப்பிட்டு, பன்னிரண்டரைக்கு வைட்ஃபேஸ் மலையின் சுங்கச் சாவடிக்கு வந்தோம்.

காருக்கும் ஓட்டுபவருக்கும் ஒரு கட்டணம், கூட வருபவருக்கு இன்னொன்று. எங்கள் இருவருக்குமாக முப்பத்தைந்து அமெரிக்க டொலர். எட்டுக் கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் கோட்டை போன்ற ஒரு கல் கட்டடம். கார் அதுவரைதான் போகும். அங்கிருந்து உச்சிக்கு இரண்டு வழி. ஒன்று, பாறை மேல் வெட்டிய படி. மற்றது, மலையைக் குடைந்து போட்ட நூற்றிமுப்பது மீற்றர் சுரங்கம். அதன் முடிவில் மலையின் வயிற்றுக்குள்ளேயே ஒரு லிஃப்ட், இருபத்தேழு மாடி உயரத்துக்கு. அன்ரனின் பட்டியலில் முதலிடம் அந்த லிஃப்டுக்குத்தான்.

சுரங்கத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போனது போலக் குளிர். மங்கல் விளக்கு, சொட்டும் நீர், ஈரக் கல்லின் வாசம். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தால் ஆள் பக்கத்தில் இல்லை. இருபது அடி பின்னால் சுவரில் கையை ஊன்றி நின்றார்.

"இஞ்சாருங்கோ, என்ன நிண்டிட்டியள்? வாசிக்கப் பலகை ஒண்டும் இல்லையோ?" என்று சிரித்தேன்.

கிட்டப் போய்க் கையைப் பிடித்தேன். அந்தக் குளிரிலும் கை வியர்வையில் நனைந்திருந்தது.

"காத்து இல்லை, றீற்றா. கதவைத் திறக்கச் சொல்லும்."

அங்கே கதவே இல்லை. எங்களுக்குப் பின்னால் வாசல் திறந்தே கிடந்தது, பகல் வெளிச்சம் தெரிந்தது. பத்தொன்பது வருடம் இந்த மனிதரோடு வாழ்ந்திருக்கிறேன். அந்தக் குரலை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அங்கே வேலை செய்யும் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், எங்களைக் கண்டு ஓடிவந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அன்ரனின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக வெளியே கூட்டிவந்து ஒரு கல் மதிலில் இருத்தினோம். தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, "படியாலும் போகலாம், அவசரமே இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் போனார்.

தண்ணீரைக் குடித்து முடித்ததும் அன்ரன் கதைத்தார்.

"லொறியிலை வந்தனான் எண்டு உமக்குத் தெரியுந்தானே."

தெரியும். தன் ஊரான குருநகரிலிருந்து ஐரோப்பா வழியாகக் கனடாவுக்கு வந்த கதையைப் பகிடியாகப் பல தடவை சொல்லியிருக்கிறார். பனியில் சறுக்கி விழுந்தது, உருளைக்கிழங்கை மட்டும் தின்றது. ஆனால் அன்று சொன்னதை அதுவரை சொன்னதே இல்லை.

பலகை ஏற்றும் லொறி. பின்னால் பொய்ச் சுவர் வைத்து அடைத்த இடத்தில் பதினொரு பேர். பக்கத்தில் மன்னார்ப் பக்கத்துப் பேசாலைப் பெடியன் யூட், இருபத்திரண்டு வயது. இருவரும் அதற்கு முன் இரண்டு மாதம் ஒரே அறையில் ஒரே போர்வையில் படுத்தவர்கள். ஒரு பகல் முழுக்கக் கதவு திறக்கவில்லை.

"முதல் கதைச்சுக்கொண்டு வந்தவன். பேந்து கூப்பிட்டால் ஓம் எண்டு மட்டும் சொன்னவன். பேந்து அதுவும் இல்லை, மூச்சும் இல்லை. திறந்த உடனை எங்களைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரர் அவனை இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுக்கரையிலை விட்டாங்கள். நான் என்ரை ஜக்கெற்றைக் கழட்டி மூடினனான். நட நட எண்டு கலைச்சாங்கள். எந்த நாடெண்டுகூடத் தெரியாது."

"அவன்ரை வீட்டுக்காரருக்குச் சொல்லேல்லையோ?"

"முதல் பயம், அகதி வழக்குப் பிழைச்சுப் போகுமெண்டு. பேந்து வெக்கம்."

நான் அழவில்லை. அழக்கூட வரவில்லை. கார்களில் வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போய்ப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்தான் எழுந்தார்.

"இவ்வளவு தூரம் வந்திட்டம். படியாலை ஏறுவம்."

இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. உச்சியில் நல்ல காற்று. தெற்கே லேக் பிளாசிட் ஏரி, கிழக்கே வெர்மொன்ட் மலைகள். அன்ரன் நெடுநேரம் நின்று பார்த்தார். "நான் ஏழு நாட்டாலை வந்தனான். ஒண்டையும் கண்ணாலை பாக்கேல்லை" என்றார். படியாலேயே இறங்கினோம்.

லேக் பிளாசிட் ஊர் அங்கிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. நாங்கள் போகவில்லை, ஆகவே அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது. நேரே வீடு திரும்பினோம், நான்தான் ஓட்டினேன். நீங்கள் போவதானால் கடவுச்சீட்டை மறக்காதீர்கள். கோடையிலும் குளிர்ச்சட்டை வேண்டும். மலைச் சாலை பனிக்காலத்தில் மூடியிருக்கும், கட்டணமும் மாறும், முதலே பார்த்துக்கொள்ளுங்கள். கூட வருபவருக்கு அடைபட்ட இடம் ஒத்துக்கொள்ளுமா என்று வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டாலும் சிலர் சொல்ல மாட்டார்கள். படியால் போவதில் ஒரு குறைவும் இல்லை.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அன்ரன் எங்கள் பங்கிலுள்ள மன்னார்க் குடும்பம் ஒன்றிடம் போய் விசாரித்தார். மூன்று கிழமையில் யூட்டின் தங்கையின் இலக்கம் கிடைத்தது. பேசாலையில்தான் இருக்கிறார். தாய் இல்லை. மகன் எங்கோ சிறையில் இருக்கிறான் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்ரன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். தங்கை "இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை தங்கையே திரும்ப அழைத்தார்.

"அண்ணை, திகதி ஞாபகம் இருக்கோ? வருசத்துப் பூசைக்குக் குடுக்க வேணும்."

அன்ரன் யோசிக்கவே இல்லை. நவம்பரில் ஒரு திகதியைச் சொன்னார். சமையலறையில் நின்ற எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு நாளில் தலையிடி என்று லீவு எடுத்து அவர் படுத்துக் கிடப்பார். நான் இரண்டு பனடோல் மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.