அது சும்மா கத்தும்

“வெளிய துள்ளுச்சா, உள்ள போச்சா? நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா.”

“வெளிய வந்த மாதிரிதான் இருந்துச்சு.”

“மாதிரியெல்லாம் வேணாம். இன்னொரு வாட்டி பாருங்க.”

முழங்கால் இரண்டையும் தரையில் ஊன்றி, டிவி அலமாரிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, அவர் ஒயரின் இரண்டு நுனிகளையும் ஒரு சின்ன பேட்டரியின் இரு முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுக்கிறார். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அந்த பேட்டரிதான். ஒயரின் மறுகோடியில் இருக்கும் ஸ்பீக்கர் ‘டப்’ என்கிறது. அதன் கூம்பு வெளியே துள்ளினால் ஒயர் சரியாக மாட்டியிருக்கிறது, உள்ளே போனால் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டன என்று அர்த்தம். வீட்டுக்கார அம்மா இப்போது மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, “வெளியதான்” என்கிறார். சத்தியம் செய்வது போன்ற குரல். அதன் பிறகுதான் அவர் அடுத்த ஸ்பீக்கருக்குப் போகிறார்.

அவர் வேலை பார்க்கும் கடையில் அவருக்கு பேட்டரி என்றே பெயர். சட்டைப் பையில் பேனா இல்லாத நாள் உண்டு, பேட்டரி இல்லாத நாள் கிடையாது. ஐம்பத்திரண்டு வயது. வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டர் ரிசீவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, மாட்டிக் கொடுத்துவிட்டு வருவதுதான் வேலை. ரிசீவர் என்றால் பெரிய மந்திரப் பெட்டி ஒன்றுமில்லை. டிவி, செட்டாப் பாக்ஸ், பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டி எல்லாவற்றின் சத்தத்தையும் வாங்கி, எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு என்று பங்கு போட்டுக் கொடுக்கும். பாகப் பிரிவினை செய்யும் பெரிய மனுஷன் மாதிரி என்று அவரே சொல்வார். சண்டை வராமல் பிரித்தால்தான் பெரிய மனுஷன்!

வாங்க வருகிறவர்கள் கடைக்குள் கால் வைத்ததும் கேட்பது, “எத்தனை வாட்ஸ்?” அவர் அதற்குப் பதிலே சொல்ல மாட்டார். “வீட்டுல எத்தனை பேரு? யாரு எங்க உட்காருவீங்க? டிவி பாத்துக்கிட்டே தூங்குறது யாரு?” என்று கல்யாணத் தரகர் போலத் துருவுவார். போன மாதம் புதுமணத் தம்பதி ஒன்று ஒன்பது ஸ்பீக்கர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது. ஹாலின் அளவைக் கேட்டார். சொன்னார்கள். “ஒன்பதையும் வெச்சிரலாம் தம்பி. நீங்க ரெண்டு பேரும் வெராண்டாவுல உட்கார்ந்து கேளுங்க” என்றார். பெண் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை முகம் தொங்கிப்போக, ஐந்தோடு பேச்சு முடிந்தது.

மாட்டி முடித்ததும் ரிமோட்டில் வெள்ளை டேப் ஒட்டுவது அவருடைய இன்னொரு பைத்தியம். அறுபது பொத்தான்களில் மூன்றின் மேல் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுவார். “மிச்சதெல்லாம் அழகுக்கும்மா. தொடாதீங்க.” செட்டாப் பாக்ஸ், விளையாட்டுப் பெட்டி, பாட்டு, அவ்வளவுதான். வீட்டிலேயே எந்திரம் என்றால் ரொம்ப மிரளுகிறவரைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே மூன்று தடவை போட்டு அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது மைக். ரிசீவரோடு வரும் சின்ன மைக்கை, வீட்டார் உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு வைக்க வேண்டும். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ‘பூம்… பூம்…’ என்று ஒரு சத்தம் விட்டு, அது மைக்குக்கு எப்படி வந்து சேர்கிறது என்று தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்த ஐந்து நிமிஷம் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. மிக்சியும் மின்விசிறியும் நிற்கும். குழந்தையின் வாயில் பிஸ்கட் போகும். சில சமயம் திரையில் ஒரு எச்சரிக்கை வரும்: இந்த ஸ்பீக்கரின் ஒயர் மாறியிருக்கலாம், சரிபார்க்கவும். கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று ‘மறுபடி சோதி’, இன்னொன்று ‘ஸ்கிப்’, அதாவது கண்டுகொள்ளாமல் தாண்டிப் போ.

இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த எச்சரிக்கை பத்தில் எட்டு தடவை பொய். ஒயர் ஒழுங்காகத்தான் இருக்கும். சுவர் மூலையோ கண்ணாடி ஜன்னலோ சத்தத்தைத் திருப்பி அனுப்பி ரிசீவரைக் குழப்பியிருக்கும். அதனால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கிப் அடிப்பார்கள். கடை வண்டி ஓட்டும் டிரைவருக்குக்கூட அது அத்துப்படி. வாசலில் நின்று ஹார்ன் அடித்து அலுத்துப்போய் உள்ளே வந்து, “ஸ்கிப் அடிச்சிட்டு வாண்ணே, இன்னும் ரெண்டு வீடு கெடக்கு” என்பார். பேட்டரி காதில் வாங்க மாட்டார். எல்லா ஒயரையும் மறுபடி உருவிப்போட்டு முழங்காலிடுவார். கிறுக்கு என்று டிரைவர் முனகுவதும் அவருக்குக் கேட்கும். கேட்டால் கேட்கட்டும். அந்த வைராக்கியத்துக்குப் பின்னால் இருப்பது தொழில் பக்தி என்று நினைத்தால் நாம் ஏமாந்தோம். அதன் பின்னால் இருப்பது அவருடைய அக்கா.

அக்கா ஐந்து வயது மூத்தவள். ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் இருபத்தாறு வருஷம் தொலைபேசி எடுத்தாள். ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லிலேயே இன்னார் பேசுகிறார், இன்று ஜலதோஷம் வேறு பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். டாக்டர்கள் அவளை ரேடார் என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதில் தம்பி எந்த அறையில் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தாலும் அக்கா அங்கே வந்து நிற்பாள். பாம்புக் காது!

நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த அக்கா வீட்டுக்கு ரிசீவர் தேர்ந்தெடுத்தது அவர்தான். தம்பி இந்தத் தொழிலில் இருக்கும்போது அக்கா வீட்டு டிவி தகர டப்பா மாதிரிக் கத்தலாமா? அலமாரியின் நடுவில் ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. இரண்டு பக்கமும் ஆளுக்கொன்று போதும், குரல் இரண்டிலும் ஒன்றாக வந்து நடுவில் கூடிக்கொள்ளும் என்றார். சோபாவின் நட்டநடு இடத்தைத் தட்டி, “இதான் மகாராணி சீட். நீ இங்க உட்காருக்கா. மாமா எங்கயாச்சும் ஓரமா ஒண்டிக்கட்டும்” என்றார். மைக்கை அங்கேதான் வைத்தார். எச்சரிக்கை வந்தது.

“என்னமோ எழுதியிருக்கேடா?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா. அது சும்மா கத்தும்.”

ஸ்கிப் அடித்தார். அக்கா சுடச்சுடத் தட்டில் வைத்ததைச் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாரம் கழித்து அக்கா போனில் சொன்னாள், “டேய், பாட்டு, இடி, வண்டிச் சத்தம் எல்லாம் கேக்குது. மனுஷங்க பேசுறது மட்டும் எங்கயோ கெணத்துக்குள்ள போயிடுது.” ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலியில் காலை நீட்டிக் கிடந்த மாமா, “எனக்கு நல்லாத்தானே கேக்குது!” என்று பின்னாலிருந்து கத்தினார். தம்பி சிரித்தார். சிரித்துக்கொண்டே, “செட்டிங் எல்லாம் கரெக்ட்தான். உனக்கு வயசாயிடுச்சுக்கா” என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

தொழில்காரத் தம்பி சொல்லிவிட்டான், கட்டிய புருஷனும் சொல்லிவிட்டார், அப்புறம் அப்பீல் ஏது? அக்கா தன் காதைச் சந்தேகப்பட ஆரம்பித்தாள். தொலைபேசியில் ஒருவர் ஏழரை என்றதை ஏழு என்று எழுதிவிட்டாள். யாருக்கும் நடப்பதுதான். அவள் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டாள். மருந்தின் பெயரில் இப்படி ஆகிவிட்டால் என்ற பயத்தில் தூக்கம் போயிற்று. காது என்று சொல்ல வெட்கப்பட்டு, முதுகுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டாள். வீட்டில் மாமா கத்திக் கத்தி அலுத்து, சாப்பிட்டாயா, எத்தனை மணி என்பதையெல்லாம் கையால் காட்டத் தொடங்கினார். பிள்ளைகள் ஊரிலிருந்து வந்தால் அவர்களும் அப்படியே.

போன வருஷம் சுவருக்கு வண்ணம் பூச அலமாரியை நகர்த்த வேண்டியிருந்தது. பேட்டரி போய் ஒயர்களைக் கழற்றினார். அப்போதுதான் கண்ணில் பட்டது. இடது பக்க ஸ்பீக்கரில், சிவப்புக் கோடு போட்ட ஒயர் கறுப்பு முனையில் இருந்தது. ஒரு ஸ்பீக்கர் தள்ள, மற்றது இழுக்க, இரண்டும் சரிசமமாக வந்து சேரும் நடு இடத்தில் இரண்டின் குரலும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஓரத்தில் இருந்த மாமாவுக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. அக்காவுக்கென்று ஆசையாகத் தட்டிக் கொடுத்த அந்த ஓர் இடத்தில்தான் அத்தனை குரலும் செத்துக் கிடந்தது.

பேசாமல் மாற்றி மாட்டினார். அக்கா வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அட, இன்னைக்கு நல்லா கேக்குதே! என்னடா பண்ணின?” என்றாள்.

“புது செட்டிங்க்கா.”

“காது கேக்காதவங்களுக்குன்னு தனியா இருக்கா? நீ நல்லா இருப்படா” என்று அவர் தலையைத் தடவினாள். சொல்ல வாயெடுத்தவர் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தார். அப்புறம் அடுத்த வாரம். பேட்டரி பைக்குள் வந்தது அந்த நாளிலிருந்துதான். ஊரில் உள்ள ஒயரையெல்லாம் சோதித்துவிட்டார். அக்காவிடம் மட்டும் வாய் வரவில்லை. டிவி நன்றாகக் கேட்டால் போதுமா? மூன்று வருஷம் தன்னைச் செவிடு என்று நம்பியவள் அதை ஒரு நாளில் விடுவாளா? யாராவது வாயைத் திறந்தாலே முகத்தை உற்றுப் பார்ப்பாள். தொலைபேசி அடித்தால் தொட மாட்டாள். மருத்துவமனையின் மேஜையில் எப்போதோ வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், புது செட்டாப் பாக்ஸ் மாட்ட அக்கா வீட்டுக்குப் போனார். மாமா வெளியே போயிருந்தார். அக்கா சோபாவில் உட்கார்ந்து, ஓடுகிற டிவியைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னாள்: “நாளைக்குக் காதுக்கு டெஸ்ட் எடுக்கப் போறோம்டா. மெஷின் வெச்சிரலாம்னு மாமா சொல்லிட்டாரு. எனக்கும் அலுத்துப்போச்சு. எவ்வளவு நாளைக்கு எல்லாரையும் கத்த வைக்கிறது?”

அலமாரிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த பேட்டரிக்கு எழுந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தெம்பு இல்லை. கையில் ஒயரைப் பிடித்தபடியே, சுவரைப் பார்த்துக்கொண்டு, தனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார். “உன் காதுல ஒண்ணும் இல்லக்கா. நான்தான் ஒயரை மாத்தி மாட்டிட்டேன். அன்னைக்கே டிவில எழுதிக் காட்டுச்சு. நான்தான் ஸ்கிப் அடிச்சேன்.”

டிவியில் யாரோ யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். இந்த இரைச்சலில் எங்கே கேட்டிருக்கும் என்று நினைத்தார். கேட்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்ததே என்று அவருக்கு அவமானமாகவும் இருந்தது.

டிவி அணைந்தது.

“எப்போ தெரியும் உனக்கு?” என்றாள் அக்கா.

அவர் மெல்ல எழுந்து வெளியே வந்தார். அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. நாளெல்லாம் பிறத்தியார் வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவர், ஒரு வருஷம் என்று சொல்ல, ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்.

“வாயால சொல்லுடா. எனக்குத்தான் காது கேக்குதே” என்று சொல்லி, அக்கா அந்த விரலைப் பிடித்து மடக்கினாள்.